மண்ணுக்கு வில்லங்கம் பார்த்தாச்சா?

காலி மனையின் நடுவில் மூன்று இரும்புக் கால்களை விரித்து நிறுத்தியிருப்பார்கள். உச்சியில் ஒரு கப்பி. கயிற்றின் முனையில் 63.5 கிலோ எடையுள்ள சுத்தி. அதை முக்கால் மீட்டர் உயரத்துக்கு இழுத்துத் தூக்கி, அப்படியே விட்டுவிட வேண்டும். ‘ணங்’கென்று விழும். மறுபடி தூக்க வேண்டும். கம்பி பதினைந்து சென்டிமீட்டர் இறங்குவதற்கு எத்தனை அடி பிடித்தது என்று ஒருவர் நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பார். குழகுழ களிமண்ணாக இருந்தால் நாலைந்து அடியிலேயே கம்பி வழுக்கிக்கொண்டு போகும். சிதைந்த பாறை தட்டிவிட்டால் ஐம்பது அடி அடித்தாலும் அசையாது. குழாயில் ஏறி வரும் மண்ணைப் பாலித்தீன் பையில் போட்டு, எத்தனை மீட்டர் ஆழத்தில் எடுத்தது என்று சீட்டு எழுதிக் கட்டுவார்கள். சில நாளில் ரிப்போர்ட் வரும். சதுர மீட்டருக்கு இத்தனை டன் தாங்கும், அஸ்திவாரத்தை இத்தனை அடியில் வை, இல்லாவிட்டால் ‘பைல்’ இறக்கு என்று அதில் இருக்கும்.

தமிழ்நாட்டில் ‘சாயில் டெஸ்ட்’ என்றால் பெரும்பாலும் இதுதான். வீட்டை இந்த மண் தாங்குமா என்று அது பார்க்கிறது. இந்த மண்ணை வீட்டில் குடியிருப்பவர்கள் தாங்குவார்களா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. சீட்டு கட்டிய பையில் ஈயம் இருக்கிறதா, குரோமியம் இருக்கிறதா, பழைய டீசல் இறங்கியிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கச் சொல்லி எந்தப் படிவமும் சொல்வதில்லை.

முதல் கேள்வியைக்கூட நாம் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 2014 ஜூன் 28 மாலை, மழை பெய்துகொண்டிருந்தபோது, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது. 61 பேர் செத்தார்கள். பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். அதன் பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்ததை ஊரே டி.வி.யில் பார்த்தது. உயரமான கட்டடம் என்றால் மண் அறிக்கை எங்கே, கட்டமைப்பு வரைபடத்தை யார் சரிபார்த்தார்கள் என்று அதிகாரிகள் கறாராகக் கேட்பது அதன்பிறகு கூடியது. ஒரு கேள்வி படிவத்தில் ஏறுவதற்கு 61 உயிர் விலை. இரண்டாவது கேள்விக்கு வேறு ஊர்கள் என்ன விலை கொடுத்தன என்று பார்த்துவிடலாம். நாமும் கொடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

ஒரு டாலர் மனை

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரம். 1890களில் வில்லியம் லவ் என்பவர் அங்கே ஒரு கால்வாய் வெட்டி, மின்சாரம் எடுத்து, மாதிரி நகரம் அமைக்கப் போவதாகக் கிளம்பினார். பணம் தீர்ந்தது, கால்வாய் பாதியில் நின்றது. வெறும் பள்ளம். அந்தப் பள்ளத்தில் 1942 முதல் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் தன் ரசாயனக் கழிவுகளைக் கொட்டத் தொடங்கியது. பத்தாண்டுகளில் சுமார் 21,000 டன். பீப்பாய் பீப்பாயாக இறக்கி, மேலே களிமண் போட்டு மூடினார்கள்.

ஊர் வளர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு இடம் வேண்டும் என்று பள்ளி வாரியம் அந்த நிலத்தைக் கேட்டது. 1953-ல் நிறுவனம் அதை ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. பத்திரத்தில் ஒரு வாசகமும் சேர்த்தது: இங்கே ரசாயனக் கழிவு புதைந்திருக்கிறது, இதனால் யாருக்காவது காயமோ மரணமோ நேர்ந்தால் எங்கள்மீது வழக்குப் போடக் கூடாது. பத்திரத்தில் வில்லங்கம் வெளிப்படையாகவே எழுதியிருந்தது! வாங்கியவர்கள் வாங்கினார்கள். பள்ளிக்கு வேலை தொடங்கியபோதே பீப்பாய்கள் புதைந்த குழிகள் தட்டுப்பட்டன. என்ன செய்தார்கள்? பள்ளியைச் சுமார் 80 அடி தள்ளிக் கட்டினார்கள். 1955-ல் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மீதி நிலம் மனைகளாயிற்று. சுற்றிலும் வீடுகள். சாலைக்கும் சாக்கடைக்கும் தோண்டியவர்கள் களிமண் சுவரை அங்கங்கே உடைத்துக்கொண்டே போனார்கள்.

வீடு வாங்க வந்தவர்களுக்கு அந்தப் பத்திரத்து வாசகத்தை யாரும் படித்துக் காட்டவில்லை. 1970களின் நடுவில் மழையும் பனியும் அதிகமாகி நிலத்தடி நீர் ஏறியது. தோட்டத்தில் பீப்பாய் விளிம்பு எட்டிப் பார்த்தது. வீட்டு அடித்தளங்களில் கறுப்புக் கசிவு. லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசியின் மகனுக்கு அந்தப் பள்ளியில் சேர்ந்த பிறகு வலிப்பு வந்தது. வேறு பள்ளிக்கு மாற்றுங்கள் என்று கேட்டுப் பார்த்தார், மறுத்தார்கள். கையில் ஒரு மனுவை எடுத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டக் கிளம்பினார். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு நோய்க்கதை இருந்தது. 1978 ஆகஸ்ட் 2 அன்று நியூயார்க் மாநிலச் சுகாதார ஆணையர் அவசரநிலை அறிவித்தார். ஐந்தாவது நாள் குடியரசுத் தலைவர் கார்ட்டரும் அறிவித்தார். முதலில் 200-க்கும் மேற்பட்ட குடும்பங்கள், 1980-ல் இன்னும் பல நூறு குடும்பங்கள் வெளியேறின. நச்சு நிலங்களைச் சுத்தம் செய்ய ‘சூப்பர்ஃபண்ட்’ என்ற பெரிய சட்டம் அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது.

லவ் கால்வாய்க் கதையை எல்லோரும் ஒரு கம்பெனியின் பாவக்கதையாகச் சொல்வார்கள். பாவம் இருக்கிறதுதான். ஆனால் அந்த ஊரில் வீடு கட்ட அனுமதி கொடுத்த மேஜை என்று ஒன்று இருந்தது. வரைபடம் அந்த மேஜைக்கு வந்தது, கட்டணம் வந்தது, முத்திரை விழுந்தது. கீழே என்ன இருக்கிறது என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லாததால், தெரிந்த விஷயம்கூடத் தெரியாத விஷயமாகிவிட்டது.

தூர்த்த வாய்க்காலின் மேல் ஒரு குடியிருப்பு

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகருக்குக் கிழக்கே லெக்கர்கெர்க் என்று ஒரு சிற்றூர். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் பகுதி அது. வயல் முழுக்க வாய்க்கால்கள். 1970களின் தொடக்கத்தில் அங்கே புதுக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. வாய்க்கால்களைத் தூர்த்துத்தான் மனை எடுக்க முடியும். தூர்க்கக் கட்டட இடிபாடு வந்தது. இடிபாட்டோடு சேர்ந்து, பெயின்ட் கரைப்பான் போன்ற ரசாயனக் கழிவு நிரம்பிய பீப்பாய்களும் வந்தன. மேலே மணல் போட்டதும் எல்லாம் ஒரே நிறம்.

1978-ல் ஒரு குடிநீர்க் குழாய் வெடித்தது. தோண்டிப் பார்த்தால், மண்ணில் இருந்த ரசாயனம் பிளாஸ்டிக் குழாயையே தின்றிருந்தது. 1980-ல் சுமார் 270 வீடுகளைக் காலி செய்ய வைத்தார்கள். அங்கே வீடுகள் ஆழமாக இறக்கிய தூண்களின் மேல் நிற்பவை. அதனால் வீட்டை இடிக்காமல் அடியில் புகுந்து மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். 1,600-க்கும் மேற்பட்ட பீப்பாய்கள் கிடைத்தன.

டச்சுக்காரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். 1983-ல் மண் சீரமைப்புக்கு இடைக்காலச் சட்டம், 1987-ல் மண் பாதுகாப்புச் சட்டம் என்று வரிசையாக வந்தன. அதோடு நில்லாமல் விஷயத்தைக் கட்டட அனுமதிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். மாசடைந்த மண்ணின் மேல், மனிதர் தங்கும் கட்டடம் கட்டக் கூடாது. அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் மண் ஆய்வு அறிக்கையும் கூடவே வர வேண்டும். தினமும் இரண்டு மணி நேரமாவது ஆள் இருக்கும் இடமா என்பது அளவுகோல். மாட்டுத் தீவனம் அடுக்கும் கொட்டகைக்குத் தொல்லை இல்லை. படுக்கையறைக்கு உண்டு.

எடுத்த எடுப்பில் அங்கே யாரும் மண்ணை லேபுக்கு அனுப்புவதில்லை. முதல் கட்டம் காகித வேலை. பழைய நிலப்படம், பழைய தொழில் உரிமங்கள், நகராட்சி ஆவணக் காப்பகம், பழைய விமானப் புகைப்படம், பக்கத்தில் நெடுநாள் குடியிருப்பவரிடம் விசாரணை. இங்கே முன்பு என்ன இருந்தது? சலவைக்கூடமா, பெட்ரோல் தொட்டியா, தூர்த்த குளமா? சந்தேகம் வந்தால்தான் துளை போடுகிறார்கள். சந்தேகம் நிஜமானால், சுத்தம் செய்யும் திட்டம் ஏற்கப்படும்வரை கையில் இருக்கும் அனுமதி நடைமுறைக்கு வராது என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். 2024 ஜனவரி 1 முதல் சுற்றுச்சூழல், கட்டடம், திட்டமிடல் எல்லாவற்றையும் ஒரே பெரிய சட்டத்துக்குள் சுருட்டிவிட்டார்கள்.

இங்கிலாந்தும் அடிபட்டுத்தான் உணர்ந்தது. கார்பி என்ற நகரில் 1980-ல் மூடிய உருக்காலையின் நிலத்தை நகர மன்றமே சீர்படுத்தக் கிளம்பியது. நச்சுச் சேறு ஏற்றிய லாரிகள் ஒழுங்காக மூடாமல் ஊருக்குள் ஓடின. தூசி பறந்தது. கை விரல்களில் குறைபாட்டோடு குழந்தைகள் பிறந்தன. 2009 ஜூலையில் உயர் நீதிமன்றம் நகர மன்றம் அலட்சியமாக இருந்தது என்று தீர்ப்பளித்தது. இங்கே கூண்டில் நின்றது கம்பெனி அல்ல, உள்ளாட்சி. சுத்தம் செய்வதிலும் ஒழுங்கு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

லோடு எங்கிருந்து வந்தது?

லெக்கர்கெர்க் ஏதோ அயல்நாட்டுச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. சென்னைப் புறநகரில் தாழ்வான மனை வாங்கிய யாரையும் கேட்டுப் பாருங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, தெருவைவிட இரண்டடி, மூன்றடி உயர்த்தாமல் யாரும் பேஸ்மென்ட் போடுவதில்லை. உயர்த்த மண் வேண்டும். நல்ல கிராவல் லோடு விலை ஏறிக் கிடக்கிறது. ‘ரப்பிஷ்’ மலிவு. இடித்த வீட்டின் செங்கல், காரை, ஓடு என்று ராத்திரியோடு ராத்திரியாக லாரி வந்து கொட்டிவிட்டுப் போகும். இடித்தது வீடுதானா, பழைய பட்டறையா, எலெக்ட்ரோபிளேட்டிங் கடையா, பேட்டரி உடைத்து ஈயம் உருக்கிய கொட்டகையா? லாரிக்காரருக்கே தெரியாது. மேலே ஒரு அடி செம்மண் தட்டிவிட்டால் மனை சிவந்து அழகாகிவிடும். செம்மண்ணைப் பார்த்து முன்பணம் கொடுக்கும் ஊர் இது.

ஈயத்துக்குப் புத்தி இல்லை. எங்கே கொட்டினார்களோ அங்கேயே கிடக்கும். மக்காது, ஆவியாகாது, பத்து மழையில் கரைந்து போகாது. மண்ணில் விளையாடிய குழந்தை கையை வாயில் வைக்கும்போது உள்ளே போகும். காலில் ஒட்டி வீட்டுக்குள் தூசியாக வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும் என்பதில் மருத்துவ உலகத்தில் இரண்டு கருத்து இல்லை. வீட்டு மண்ணில் ஈயம் இவ்வளவு இருந்தால் கவனிக்க வேண்டும் என்ற வழிகாட்டு அளவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 ஜனவரியில், பத்து லட்சத்தில் 400 பங்கு என்பதிலிருந்து 200-ஆகக் குறைத்தது. பெட்ரோலியக் கரைப்பான்களின் குணம் வேறு. அவை ஆவியாகித் தரை வெடிப்பு வழியே அறைக்குள் ஏறும். குரோமியம் போர்வெல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

ராணிப்பேட்டைக்குப் போனால் அதைக் கண்ணால் பார்க்கலாம். சிப்காட் வளாகத்தில் தோல் தொழிற்சாலைகளுக்கான குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை ஒன்று 1970களில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்டது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சூளையில் வறுத்து, குரோமியத்தைக் கரைத்து எடுத்த பிறகு சக்கை மிஞ்சும். அந்தச் சக்கையில் இன்னும் கொஞ்சம் குரோமியம் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி மிஞ்சியது ஒன்றரை லட்சம் டன் அளவுக்குக் குன்றாகக் குவிந்தது. ஒவ்வொரு மழையும் அதைக் கழுவியது. கழுவிய தண்ணீருக்கு மஞ்சள் நிறம். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தின் நிறம் அது. புற்றுநோய் உண்டாக்கும் வகை. 2006-ல் உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்கள் என்று அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. ஆலை மூடிச் சுமார் முப்பது ஆண்டு ஆகிவிட்டது. ஆலைக்கு ஆயுள் இருந்தது, சக்கைக்கு இல்லை.

20 மில்லிகிராம் சண்டை

சுத்தமான மண் என்றால் எவ்வளவு சுத்தம்? இந்தக் கேள்விக்குக் கொடைக்கானல் போல வேறு எந்த ஊரும் மல்லுக்கட்டவில்லை.

அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலையைக் கழற்றிக் கொண்டுவந்து 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் நிறுத்தினார்கள். பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் கண்டுபிடித்து வெளியே சொன்னார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு உலகம் முழுக்கச் சுற்றியது. அடுத்த ஆண்டு முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. இவ்வளவும் செய்தித்தாள் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அதிகம் பேசப்படாதது மண் சண்டை. ஆலை நிலத்தின் சரிவுக்குக் கீழே பாம்பாறு சோலை. மண்ணில் பாதரசம். அதைத் தோண்டிக் கழுவி, சூடேற்றிப் பாதரசத்தைப் பிரிக்க வேண்டும். எந்த அளவுக்கு? கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம்வரை மிஞ்சலாம் என்ற இலக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. சூழல் போராளிகள் கொதித்தார்கள். மேலை நாட்டில் இந்த அளவை ஒப்புக்கொள்வார்களா, இங்கே உள்ள உயிர் மட்டும் மலிவா என்று கேட்டார்கள். மண்ணை அளவுக்கு மீறித் தோண்டினால் மரங்கள் போகும், சரிவு அரிக்கும், அரித்த மண்ணோடு பாதரசம் சோலைக்குள்ளேயே இறங்கும் என்று மறுபக்கம் வாதம். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போய், 20-தான் நின்றது.

எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. ஆனால் அந்தச் சண்டையில் ஒரு உண்மை வெளிப்பட்டது. சுத்தத்தின் அளவு அந்த இடத்தில் பிறகு என்ன வரப்போகிறது என்பதைப் பொறுத்தது. காட்டுக்கு ஒரு எண், தொழிற்கூடத்துக்கு ஒரு எண், குழந்தை தவழும் வீட்டுக்கு வேறு எண். அப்படியானால் ஒரு நிலத்தில் என்ன வரப்போகிறது என்று அரசாங்கத்துக்கு எப்போது தெரிகிறது? நில உபயோக மாற்றம் கேட்கும்போதும், பிளான் அப்ரூவலுக்குப் போகும்போதும்தான். அந்தக் கவுன்டரைத் தாண்டாமல் சட்டப்படி ஒரு செங்கல்லும் ஏற முடியாது. கேள்வி கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

கவுன்டரில் என்ன கேட்கிறார்கள்?

2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று கிடந்ததை ஒன்றாக்கியது நல்ல வேலை. விண்ணப்பிப்பவர் பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாம் கொடுக்கிறார். சாலை அகலம், பக்கவாட்டு இடைவெளி, தளப் பரப்புக் குறியீடு, மழைநீர் சேகரிப்பு, வாகன நிறுத்தம் என்று அங்குலம் அங்குலமாக விதி இருக்கிறது. ஏரி, ஓடைப் புறம்போக்கா என்று பார்க்கிறார்கள். மண்ணின் ரசாயன அறிக்கை கொடு என்று வீடு கட்டுபவரைக் கேட்பதில்லை.

2024 ஜூலை 22 முதல் இன்னொரு வசதி வந்தது: சுயசான்று. 2,500 சதுர அடிவரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன் மேல் ஒரு மாடியோ கட்டுபவர்கள் ஆன்லைனில் உறுதிமொழி கொடுத்தால் உடனே அனுமதி. கட்டுவதற்கு முன் அதிகாரி வந்து இடம் பார்க்க வேண்டியதில்லை. அலுவலகப் படி ஏறி இறங்கி, ‘கவனித்து’, காத்துக் கிடந்த நடுத்தர வர்க்கத்துக்கு இது பெரிய நிம்மதி. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அரசாங்கத்தின் கண் மனையில் படும் அந்த ஒரே சந்தர்ப்பமும் இதோடு போய்விட்டது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்ததை உறுதிமொழியாகக் கொடுக்கலாம். தன் மண்ணைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

இதில் ஒரு வேடிக்கை. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், விவசாயியின் வயல் மண்ணுக்குப் பன்னிரண்டு சோதனை செய்கிறார்கள். தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து. அதே வயல் பிளாட் ஆகும் நாளில் அட்டை குப்பைக்குப் போகிறது. கத்தரிச்செடிக்கு மண் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கத் திட்டம் உண்டு.

ஒரே சர்வே நம்பர், மூன்று அலுவலகம்

2025 ஜூலையில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசடைந்த இடங்களை நிர்வகிக்கத் தனி விதிகளை வெளியிட்டது. நாடு முழுக்க அப்போது அடையாளம் கண்டிருந்தவை 103 இடங்கள். அவற்றில் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியிருந்தது ஏழில்தான். புதிய விதிப்படி, சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ கண்டறிந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் தர வேண்டும். 90 நாளில் முதற்கட்ட ஆய்வு. இன்னும் 90 நாளில் விரிவான ஆய்வு. அளவு மீறியிருந்தால் இடத்தைப் பகிரங்கமாக அறிவித்து, ஆள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். மாசு செய்தவரைக் கண்டுபிடித்துச் செலவை அவர் தலையில் கட்ட வேண்டும். சுத்தம் செய்து முடிக்க மட்டும் கெடு இல்லை. அந்த ஓட்டையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இருந்தாலும், பட்டியல் கொடுக்க வேண்டிய உள்ளாட்சிதான் கட்டட அனுமதியும் கொடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு கை எழுதும் பட்டியலை மறு கை படித்தாலே பாதி வேலை முடிந்தது.

அதற்கு வேண்டிய சாவி ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருக்கிறது. அதன் பெயர் சர்வே நம்பர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு ஆலைக்கு இசைவாணை கொடுக்கும்போது அதில் புல எண் எழுதுகிறது. வருவாய்த் துறை பட்டாவில் அதே எண்ணை எழுதுகிறது. கிராமத்து ‘அ’ பதிவேட்டில் அந்த எண் நஞ்சையா, புஞ்சையா, ஏரியா என்பது இருக்கிறது. பிளான் அப்ரூவல் விண்ணப்பத்திலும் அதே எண்தான். மூன்று அலுவலகத்துக்கும் கம்ப்யூட்டர் இருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. பேசினால், 412/2B-யில் முன்பு சாயப்பட்டறை இருந்தது என்று விண்ணப்பம் போட்ட நொடியிலேயே திரையில் சிவப்பு விளக்கு எரியும். (எண் ஓர் உதாரணத்துக்குத்தான். அந்த எண்ணில் மனை வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம்.) சிவப்பு எரிந்தால் மட்டும் ரசாயனச் சோதனை. எரியாதவர்களுக்கு வழக்கம்போல உடனடி அனுமதி. சுயசான்று வசதியில் ஒரு துளியும் குறையாது. டச்சுக்காரர்கள் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து செய்யும் முதல் கட்டத்தை நாம் ஒரு கணினி நிரலில் செய்துவிடலாம்.

அனுமதியே வாங்காமல் ஓடிய பட்டறைகளை இது பிடிக்காது என்பது உண்மை. அவற்றை ஊரார் வாய்தான் பிடிக்கும். செலவைப் பற்றியும் புலம்பல் எழும். பில்டர்கள் சதுர அடிக்கு ஏற்றி வாங்குபவர் தலையில்தான் வைப்பார்கள். ஆனால் கட்டுவதற்கு முன் இரண்டு மீட்டர் மண்ணை அகற்றுவதற்கும், கட்டிக் குடியேறிய பின் வீட்டுக்கு அடியில் புகுந்து சுரண்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை லெக்கர்கெர்க் காட்டிவிட்டது.

அரசு செய்யும்வரை மனை வாங்குபவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. முப்பது வருட வில்லங்கச் சான்று போடுகிறோம், வக்கீலிடம் பத்திரம் காட்டுகிறோம், வாஸ்துக்காரரை அழைத்துத் திசை பார்க்கிறோம். இவ்வளவும் செய்பவர்கள் இன்னும் ஒன்றிரண்டு செய்யலாம். தெருமுனை டீக்கடையில் வயதான ஒருவரிடம் ‘இங்கே முன்னாடி என்னங்க இருந்துச்சு?’ என்று கேளுங்கள். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படத்துக்குப் போய், மனை அப்போது பள்ளமா, பட்டறையா என்று பாருங்கள். நிரப்ப லோடு வந்தால் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, முதல் லாரி கொட்டும்போது நேரில் நில்லுங்கள்.

அப்புறம், சுத்தி அடிக்கும் அந்த நாளில் மனைக்குப் போங்கள். துளை எப்படியும் போடத்தான் போகிறார்கள். அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டரில் வரும் மண்ணில் தலா ஒரு கைப்பிடியைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் தனியாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து ஈயம், குரோமியம், பாதரசம், பெட்ரோலியப் பொருட்கள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கையைப் பத்திரத்தோடு சேர்த்து ஃபைலில் வையுங்கள்.